மூன்று நிமிடம் மூடாத கை

என் தங்கையின் வலது கை நாற்பது லட்சம். நான் சொன்னதல்ல, இன்சூரன்ஸ்காரர் சொன்னது. முதலில் அவர் சொன்னது பன்னிரண்டு. "கைக்கெல்லாம் இதுக்கு மேல போட மாட்டாங்க சார், காலுக்குத்தான் மவுசு" என்றார். நான் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் தொட்டில் குழந்தைகூட பால் புட்டியைப் பார்த்து மூன்று தரம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரமும் ஐந்து டீயும் செலவழித்து நாற்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"கையைக் காட்டுங்கம்மா."

தங்கச்சி காட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் கோலிக்குண்டு மாதிரி புடைத்துத் தோல் காய்த்துப்போயிருந்தது.

"அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க? கல்லு உடைக்கிறாங்களா?"

"கல்லு விக்கிறோம்" என்றேன்.

மோதிரத்தில் பதிக்கிற கல். நீலம், சிவப்பு, பச்சை. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது கிடையாது. சுற்றி இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், சொன்னால் அவ்வளவுதான். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. பாதி விரலை அழுத்தினால் அரை. மொத்தக் கையையும் பற்றினால் ஐந்து. ஆயிரமா லட்சமா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிக்கொள்வோம். துண்டுக்குள் கை பேசிக்கொண்டிருக்க, வெளியே முகம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும், இந்த வியாபாரத்தில் நமக்கு ஒரு அக்கறையும் இல்லை என்பதுபோல.

விரலை எண்ண யாருக்கும் வரும். தங்கச்சியின் கை அதற்கு மேலே. எதிராளியின் உள்ளங்கை எப்போது ஈரமாகிறது, மணிக்கட்டு எப்போது இறுகுகிறது, 'இதுதான் கடைசி' என்று சொல்கிற விரல் உண்மையில் இன்னும் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து இருக்கிற கடையை நான் நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறேன். அது நடப்பது அவள் கையால்.

இன்சூரன்ஸ்காரருக்கு இதெல்லாம் புரிந்தது. புடைப்பு எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

"கராத்தே" என்றாள் தங்கச்சி.

அவர் படிவத்தை மெல்லப் பைக்குள் திருப்பி வைத்தார். நாற்பது லட்சம் பைக்குள் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கராத்தே எங்கள் தலைக்கு மேலேயே நடக்கிறது. கீழே கடை, மேலே பழைய சரக்கு அறை. பதினெட்டுப் படி ஏறினால் பெரிய கூடம், ஒரு மூலையில் விரிசல் விட்ட கண்ணாடி, இன்னொரு மூலையில் குத்திப் பழகக் கயிறு சுற்றிய அடிக்கட்டை. நகரப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி ஒருவர் சாயங்காலம் அங்கே வகுப்பு எடுக்கிறார். தங்கச்சியைவிட ஐந்து வயது இளையவர். எல்லாரும் 'மாஸ்டர்' என்போம்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரி, விலை முடிந்த பிறகும் துண்டுக்குள் தங்கச்சியின் கையை விடவில்லை. வெளியே சிரித்துக்கொண்டே உள்ளே பிடித்துக்கொண்டிருந்தான். துண்டுக்குள் நடப்பது வெளியே தெரியக்கூடாது என்பது தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை வைத்தே அவன் அதர்மம் செய்தான். அன்று சாயங்காலமே தங்கச்சி மாடி ஏறினாள். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் மறுபடி கையை விட மறந்தான். அடுத்த வாரம் பெருவிரலில் கட்டோடு வந்தவனை எல்லாரும் விசாரித்தார்கள். "கதவுல நசுங்கிடுச்சு" என்றான். கதவு என் பக்கத்தில் உட்கார்ந்து கல் எடை போட்டுக்கொண்டிருந்தது.

வந்த காரியம் அத்தோடு முடிந்தது, ஆனால் அவள் நிறுத்தவில்லை. கூடத்தில் யாரும் அவளைக் கடைக்காரர் மகள் என்றோ இன்னார் தங்கை என்றோ அழைப்பதில்லை, அது பிடித்துப்போயிற்று என்பாள். எட்டு வருஷத்தில் பழுப்புப் பெல்ட் வரை வந்துவிட்டாள். மிச்சம் கறுப்பு. நானும் தொந்தி கரைய வேண்டும் என்று மூன்று வருஷமாகப் போகிறேன். இன்னும் வெள்ளைப் பெல்ட்தான். எனக்குப் பரீட்சையில் நம்பிக்கை இல்லை. பரீட்சைக்கும் என்மேல் இல்லை.

ஜப்பானின் ஒக்கினாவா தீவிலிருந்து வந்த கராத்தே அது. அதில் கைக்கு இரண்டு வேலை. மூடினால் முஷ்டி. விரித்தால் வெட்டும், தள்ளும், திருப்பிவிடும், தொட்டுப் பார்க்கும். சான்சின் என்று ஒரு பயிற்சி, முஷ்டியை இறுக்கி, மூச்சைக் கட்டி, மரம் மாதிரி நின்று செய்வது. டென்ஷோ என்று இன்னொன்று, விரித்த கையால் தண்ணீரைத் தடவுவது மாதிரி செய்வது. மாஸ்டர் இரண்டையும் சொல்லித்தருவார். ஆனால் கூடத்தில் கட்சி இரண்டு ஆகிவிட்டது.

முஷ்டிக் கட்சிக்குத் தலைவர் எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர். நூற்று நான்கு கிலோ. இருபது வருஷம் மாவு பிசைந்த கை. கறுப்புப் பெல்ட் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, மாஸ்டருக்கு அடுத்தபடி அவர்தான். "அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்" என்பார். அடிக்கட்டையை அவர் குத்தினால் கீழே எங்கள் தராசு ஆடும். விரித்த கையைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "என்னம்மா இது, யாருக்கு டாட்டா காட்டுறே?" என்பார்.

கறுப்புப் பெல்ட் பரீட்சையில் அடிக்கட்டையை முஷ்டியால் நூறு தரம் குத்த வேண்டும் என்பது அந்தக் கூடத்துச் சட்டம். நூறு கேட்டால் முந்நூறு சரக்கு வைத்திருப்பது எங்கள் பரம்பரைப் புத்தி. தங்கச்சி தினம் காலையில் கடை திறக்குமுன் மேலே போய் முந்நூறு குத்தினாள். ஒரு வருஷம். கோலிக்குண்டு அப்படித்தான் வந்தது.

இன்சூரன்ஸ்காரர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, போன வாரம் அந்தப் பெரிய நீலம் குடுத்தோமே, நாலுக்கு."

"ஆமா."

"அவர் நாலரை பிடிச்சிருக்காரு, நேத்து அவரே சொல்லிச் சிரிக்கிறாரு. அந்த அரை எனக்குத் தெரியவே இல்ல."

போன அரை லட்சம் போகட்டும். இன்னொருவர் விரல் அழுத்தியது அவள் கைக்குத் தெரியவில்லை என்றால், நாளைக்கு எங்கள் கடையும் மற்ற கடை மாதிரி ஒரு கடை.

டாக்டர் விரல் நுனியைப் பஞ்சால் தொட்டும் ஊசி முனையால் தொட்டும் பார்த்தார். "ரெண்டு விரல் மரத்திருக்கு. முஷ்டியால எதையும் குத்தக்கூடாது. நிறுத்தினா மெல்லத் திரும்பும். நிறுத்தலைன்னா என்கிட்ட வராதீங்க, வந்து பிரயோஜனம் இல்ல" என்றார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

வீட்டில் என் மனைவி ஒரு வழி சொன்னாள். "பெல்ட்டு விளையாட்டுச் சாமான் கடையில தொங்குது. ஒண்ணு வாங்கிக் கட்டிக்கோயேன், யார் கேக்கப் போறா?"

"அண்ணி, உங்க கல்யாண மோதிரத்துல கண்ணாடிக் கல் வெச்சிருந்தா யார் கேட்டிருக்கப் போறா?" என்றாள் தங்கச்சி.

என் மனைவி உடனே மோதிரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பேச்சு அங்கே திசைமாறி, எனக்கு மட்டும் ஆபத்தாக முடிந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நானும் தங்கச்சியும் மாஸ்டர் முன் நின்றோம். அவர் பேருந்துக் கழகச் சீருடைக்கு மாறி, காலணியைக் கட்டிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு.

"மாஸ்டர், அந்த நூறு குத்துல கொஞ்சம் பார்த்துச் செய்யணும்" என்று ஆரம்பித்தேன்.

"பார்த்துன்னா?"

"அம்பது?"

"சார், பஸ்ல ஏறி டிக்கெட்டுக்குப் பேரம் பேசுவீங்களா?"

"நீங்க இடம் குடுத்தா பேசுவேன்."

தங்கச்சி என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சொன்னது, மரத்த விரல், நாலரை நாலானது, எல்லாம். முஷ்டிக்குப் பதில் உள்ளங்கை அடிப்பாகத்தால் நூறு அடிக்கிறேன், வேண்டுமானால் இருநூறு அடிக்கிறேன் என்றாள்.

ரொட்டிக்கடைக்காரர் ஈரத் துணியோடு எழுந்து வந்துவிட்டார். "அதெப்படிம்மா? கராத்தேன்னா முஷ்டி. முஷ்டி இல்லாத கராத்தே உப்பில்லாத ரொட்டி."

"அண்ணே" என்றேன், "அதே தீவுல, பக்கத்துப் பள்ளியில, சான்சினையே கையை விரிச்சுத்தான் செய்றாங்களாம். மாஸ்டரே சொல்லியிருக்காங்க. அடுத்த கடையில குடுக்கிற சரக்கை நீங்க ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?"

"அப்ப அடுத்த கடைக்கே போங்க!"

"கப்பல் டிக்கெட் யார் எடுக்கிறது?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்ததால் விலை இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை, வேறு உருவம் எடுத்தது.

"நான் நாள் முழுக்க ஸ்டீயரிங்கை உள்ளங்கையாலதான் சுத்தறேன்" என்றார். "விரிச்ச கை லேசான கை இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க முஷ்டியை விடறது பயத்துலயா, இல்ல அது இல்லாமலே முடியுங்கிறதாலயான்னு நான் பார்க்கணும். நூறு குத்து வேண்டாம். அதுக்குப் பதிலா மூணு நிமிஷம் கக்கியே, இவரோட."

கக்கியே என்பது மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று தள்ளுவதும் இழுப்பதும், இடம் கிடைத்தால் மார்பைத் தொடுவதும். ஒட்டிய கை பிரியக்கூடாது.

"அவர் முஷ்டி. நீங்க விரிச்ச கை. மூணு நிமிஷத்துல அவர் தொட்டதைவிட நீங்க அதிகம் தொடணும். நடுவுல ஒரே ஒரு தடவை கை மூடினாலும் போச்சு. அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சு."

"ஒரு தடவைக்கு விட்டுக் குடுங்க, ரெண்டாவது தடவை மூடினா..." என்று நான் புகுந்தேன்.

தங்கச்சி தோளிலிருந்த துண்டை எடுத்தாள். மாஸ்டரின் வலது கையைப் பிடித்து, தன் கையையும் வைத்து, மேலே துண்டைப் போட்டாள். உள்ளே என்ன பிடித்தாளோ, மாஸ்டர் கண் விரிந்தது. துண்டை எடுத்தாள்.

"இது என்ன?" என்றார் மாஸ்டர்.

"முடிஞ்சுது. துண்டை எடுத்த பிறகு விலை பேசறதில்ல. எங்க பக்கமும் கிடையாது, உங்க பக்கமும் கிடையாது."

"நல்லாயிருக்கே! இந்தத் துண்டு எங்க டெப்போவுக்கு ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் இரவுப் பேருந்தைப் பிடிக்க, இல்லை, ஓட்டப் போய்விட்டார்.

மூன்று மாதமும் தங்கச்சி அடிக்கட்டை பக்கம் போகவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் டென்ஷோ செய்தாள். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப்பார்த்து, "அம்மாவுக்குக் கொசுத் தொல்லையா?" என்று கேட்டார். துண்டுக்குள் போகிற வேலையை இடது கைக்கு மாற்றினோம். இடது கைக்கு விலை தெரியும், ஆனால் ரகசியம் தெரியாது. என் மனைவி தினம் ஒரு தட்டில் அரிசியும் உளுந்தும் கலந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் பிரிக்கச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொடுத்த வைத்தியம் இல்லை அது, சமையலறைக்கு லாபமான வைத்தியம். முதல் மாதம் இரண்டும் கலந்தே வந்தது. மூன்றாவது மாதம் அரிசியில் நாலைந்து உளுந்துதான். ஆள்காட்டி விரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. நடுவிரல் இன்னும் பிகு பண்ணிக்கொண்டிருந்தது.

பரீட்சை நாள் சாயங்காலம் கூடத்தில் பதினான்கு பேர். என்னை எங்கே வைப்பது என்று மாஸ்டர் யோசித்து, கையில் சாக்கட்டியைக் கொடுத்துக் கரும்பலகை பக்கத்தில், படிக்கட்டு வாசலை ஒட்டி நிறுத்தினார். "வியாபாரி கணக்குல தப்பு பண்ணமாட்டார்." நான் பலகையில் இரண்டு பத்தி போட்டேன். முஷ்டி. கை.

சான்சின் செய்தாள், அதிலும் கையை விரித்தே. டென்ஷோ செய்தாள். அப்போது ரொட்டிக்கடைக்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டார். பிறகு இருவரும் நடுவில் வந்து மணிக்கட்டை ஒட்டினார்கள். ஒரு பக்கம் அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரி ஒரு முஷ்டி. மறுபக்கம் ஐந்து விரல், அதில் ஒன்று அரைத் தூக்கத்தில்.

"வலிச்சா சொல்லும்மா" என்றார் அவர், நிஜமான கரிசனத்தோடு.

"உங்களுக்கும் அதேதான்ணே."

மாஸ்டர் கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் நிமிடம் பார்க்கிற மாதிரி இல்லை. அவர் முஷ்டி மாவை அமுக்குவது மாதிரி வந்தது, ஒன்று. மறுபடி, இரண்டு. தங்கச்சி விரல்களால் அவர் கையைப் படிக்கப் பார்க்கிறாள், விரல் தாமதமாகச் சொல்கிறது, சொல்வதற்குள் அடி வந்துவிடுகிறது. மூன்று. சாக்கட்டி என் கையில் உடைந்தது. "அரை நாளா எழுதற? கோடு நேரா போடு" என்று பின்னாலிருந்து என் மனைவி அதட்டினாள். அவள் எப்போது மாடி ஏறி வந்தாள் என்று தெரியாது.

அப்போது தங்கச்சி ஒன்று செய்தாள். விரலை விட்டுவிட்டாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தை, மணிக்கட்டுக்கு மேலே இருக்கிற அந்த மெத்தையை, அவர் மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டவைத்தாள். அங்கே அவளுக்கு மரத்துப்போனது எதுவுமில்லை. ஒட்டவைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முகத்தை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். எதிரே இருக்கிற சரக்கில் தனக்கு ஒரு ஆசையும் இல்லை, மழை வருமா என்றுதான் யோசனை என்கிற முகம்.

"இங்க பாரும்மா, அடி படப்போகுது" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நீங்க வாங்கண்ணே."

அவர் வந்தார். வருவதற்கு அரை விநாடி முன் அவர் மணிக்கட்டு இறுகியிருக்க வேண்டும். விலை ஏற்றப் போகிறவன் முதலில் மூச்சைப் பிடிப்பான், எங்களுக்கு அது அரிச்சுவடி. முஷ்டி போய்ச் சேர்ந்த இடத்தில் தங்கச்சி இல்லை. அவள் உள்ளங்கை அவர் மார்பில் பட்டென்று உட்கார்ந்தது. ஒன்று. அவர் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்படும்போதும் கை இறுகும் போலிருக்கிறது. இரண்டு.

இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் ஐந்து ஆகிவிட்டது. அவர் வேகமாகப் போனார், அவள் முன்னதாகவே தெரிந்துகொண்டாள். அவர் மெதுவாகப் போனார், அவள் காத்திருந்தாள். ஒரு தடவை ஏமாற்றுவதற்காகச் சும்மா இறுக்கிப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தபடியே, "அது பொய் விலைண்ணே" என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார், சிரிக்கிறபோது ஆறாவது வாங்கினார். வெட்கத்தில் ஒரு குத்து வேகமாக விட்டார், அது நன்றாகவே பட்டது, நாலு. அவள் பதிலுக்கு ஏழு.

"பத்து செகண்ட்" என்றார் மாஸ்டர்.

நாலுக்கு ஏழு. பத்து விநாடி சும்மா நின்றாலே போதும். ஆனால் ரொட்டிக்கடைக்காரர் சும்மா நிற்கிற ஜாதி இல்லை. மொத்த நூற்று நான்கு கிலோவையும் ஒரே முஷ்டிக்குப் பின்னால் வைத்து வந்தார். தங்கச்சி விரித்த கையால் அதை அப்படியே பக்கவாட்டில் வழியனுப்பினாள். அழகான வழியனுப்பு. வழி மட்டும் படிக்கட்டு வாசலுக்குப் போயிற்று.

வாசலுக்குக் கதவு கிடையாது. நான் ஓரத்தில் சாக்கட்டியோடு நின்றிருந்தேன், என்னால் ஆனது ஒதுங்கியதுதான். அவர் முன்கால் முதல் படிக்கு மேலே காற்றில் இருந்தது. கீழே பதினெட்டுப் படி, அதன் அடியில் எங்கள் கண்ணாடி மேசை.

தங்கச்சியின் வலது கை போய் அவர் முதுகுப் பக்கம் பெல்ட்டைப் பற்றியது. ஐந்து விரலும் மூடியது. சான்சினில் நிற்கிற மாதிரி கால் இரண்டும் தரையில் வேர்விட்டு நின்றாள். அவர் ஒரு கணம், சுவரில் மாட்டிய சட்டை மாதிரி வாசலில் சாய்ந்து தொங்கினார். அப்புறம் நாலு பேர் ஓடிவந்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

கடிகாரம் கூவியது.

எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கணக்குல வராது!" என்று நான் ஆரம்பித்தேன். "முஷ்டின்னா என்ன? ஒண்ணுமே இல்லாம மூடின கை. இதுக்குள்ள பெல்ட் இருந்துச்சு, பெல்ட்டுக்குள்ள ஆள் இருந்தாரு. நூத்திநாலு கிலோவை உள்ள வெச்சுக்கிட்டு மூடினா அது முஷ்டியா? அது பிடி!"

"அண்ணன் சொல்றது சரி" என்றார் ரொட்டிக்கடைக்காரர், தரையில் உட்கார்ந்தபடியே. "என்னைக் காப்பாத்தினதுக்கு பெயிலா? அப்படின்னா இந்தக் கறுப்பை அவங்களுக்கே குடுத்துடறேன், நான் பழுப்புக்குப் போறேன்." நிஜமாகவே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாஸ்டர் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஸ்டாப் தாண்டி நிறுத்தக் கூடாதுதான். ஆனா ரோட்டுல ஆள் கிடந்தா எங்க வேணாலும் நிறுத்தலாம்னு எங்க சட்டத்துலயே இருக்கு. நான் வேணும்னா..."

பழம் நழுவிப் பாலில் விழப் போகிறது என்று எனக்கு வாயெல்லாம் பல். அப்போது தங்கச்சி சொன்னாள்:

"துண்டை எடுத்தாச்சு மாஸ்டர்."

"அம்மா, நானே விட்டுக் குடுக்கறேன்னு சொல்றேன்."

"எங்க கடையில ஒருத்தர் கல்லை நாலுக்கு முடிச்சிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாவம்னு அஞ்சு அனுப்பினா நாங்க திருப்பி அனுப்பிடுவோம். மூடினா போச்சுன்னு பேசினோம். மூடினேன்."

"அந்த நேரத்துல நீ யோசிச்சா மூடினே?" என்றேன் ஆற்றாமையோடு.

"யோசிச்சுத்தான் மூடினேன். பெல்ட்டா இவரான்னு. அரை செகண்ட் ஆச்சு." ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தாள். "கொஞ்சம் இழுபறியாத்தான் இருந்துச்சுண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தங்கச்சி அவர் அவிழ்த்துப் போட்ட பெல்ட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் குறுக்காகத் தடவினாள்.

"இதுல எட்டு வரிசைத் தையல் இருக்கணும். ஏழுதான் இருக்கு. ஒரு வரிசை விட்டுப்போயிருக்கு. பிடிக்கும்போதே தெரிஞ்சுது. எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

என் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பெல்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் எண்ணினாள். ஏழு. தங்கச்சியின் நடுவிரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கீழே இறங்கிப் போனாள், டீ போட என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்குப் பெல்ட் யாருக்கும் மாறவில்லை. ரொட்டிக்கடைக்காரரை அவருடையதை மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார் மாஸ்டர். தங்கச்சி பழுப்பை இறுக்கிக்கொண்டாள். மூலையில் ரொட்டிக்கடைக்காரர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து டென்ஷோ செய்து பார்த்தார். பன் பன்னாக ஐந்து விரல். "யாருக்குண்ணே டாட்டா?" என்று தங்கச்சி கேட்டாள். "சனியன், விரிச்சா வலிக்குதே!" என்றார் அவர்.

மாஸ்டர் என்னிடம் துணியை நீட்டி, பலகையை அழிக்கச் சொன்னார். முடிக்காத கணக்கை அழித்துப் பழக்கமில்லை. இருந்ததற்குக் கீழே மிச்சத்தையும் எழுதிக் கோடு போட்டேன்.

முஷ்டி, நாலு. கை, ஏழு. மூடியது, ஒன்று. மூடியதற்குள் கிடைத்தது, ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், சேதமில்லை. திரும்பி வந்தது, நடுவிரல் ஒன்று. வராதது, கறுப்புப் பெல்ட் ஒன்று. தவணை ஆறு மாதம்.